பல் டாக்டரும் பழைய கம்ப்யூட்டரும்

“ஒரு குறையும் வைக்கலைங்க டீச்சர். அப்புறம் ஏன் எந்திரிச்சுப் போயிட்டான்?”

கேட்டவர் டாக்டர் சென்னியப்பன். கேட்டுவிட்டு, கையிலிருந்த துணிப்பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல் வைத்தார்.

ஜைனப் சால்டரிங் அயர்னைத் தாங்கியில் செருகினாள்.

“யாருங்க டாக்டரே?”

“என்ற தம்பிதான்.”

கோயம்புத்தூர் டவுன்ஹாலுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் ஒரு குடைக்கடை. குடைக்கடைக்கு மேல் மாடியில் ஜைனப்பின் அறை. முன்பு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்தியவள். இப்போது பழைய வீடியோ கேம் பெட்டிகளுக்கும், வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கும் உயிர் கொடுக்கிறாள். எங்கெங்கிருந்தோ கொண்டுவந்து அவள் முன்னால் வைக்கிறார்கள்.

சென்னியப்பன் பல் டாக்டர். அவளைவிட நன்றாகவே மூத்தவர். பழைய பெட்டிகளைச் சேர்ப்பதில் பைத்தியம். வேலை கற்றுக்கொள்கிறேன் என்று வந்தபோது அவளை “அம்மிணி” என்றுதான் கூப்பிட்டார். அவர் முதன்முதலில் பற்றவைத்துக் காட்டிய போர்டை ஜைனப் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“டாக்டரே, உங்ககிட்ட வாயைத் திறக்கறவங்க எல்லாம் உசுரோடதானே வீட்டுக்குப் போறாங்க?”

அன்றிலிருந்து “டீச்சர்.”

“தம்பின்னா, மஸ்கட்ல இருக்கறவரா?”

“அவனேதானுங்க. நாச்சிமுத்து. அம்மா போனதுக்கு அப்புறம் இப்பத்தான் என் வாசப்படிய மிதிச்சான்.”

அந்தக் கதை ஜைனப்புக்குத் தெரியும்.

அம்மா இறந்த அன்று நாச்சிமுத்து மஸ்கட்டிலிருந்து போன் செய்தான். டிக்கெட் கிடைத்துவிட்டது, வந்துகொண்டே இருக்கிறேன், நான் வரும்வரை உடலை வைத்திருங்கள் என்றான். பொழுது இறங்கியது. இதற்குமேல் வைத்திருக்கக் கூடாது என்று உறவில் பெரியவர்கள் சொன்னார்கள். சென்னியப்பன் சரியென்று தலையை ஆட்டினார்.

நாச்சிமுத்து பெட்டியோடு வந்து இறங்கியபோது வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள். ஈரம்கூடக் காயவில்லை.

அவன் சண்டை போடவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன் செய்தால் எடுப்பான். நல்லா இருக்கீங்களா என்பான். நல்லா இருக்கேன் என்பான். பேங்க் கவுன்ட்டரில் பேசுகிற மாதிரி.

“இதைப் பாருங்க டீச்சர்.”

சென்னியப்பன் துணியை விலக்கினார்.

தட்டையான ஒரு பெட்டி. மேலே எழுத்துப் பொத்தான்கள். டிவியில் மாட்டினால் அதுதான் கம்ப்யூட்டர். அண்ணன் தம்பி இருவரும் அரைக்கால் டவுசர் போட்ட காலத்தில், மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. பரணில் கிடந்து மஞ்சளேறிப் போயிருந்தது.

இப்போது பால்போல் இருந்தது.

“பல்லு வெளுக்கற மருந்துதானுங்க. தடவி வெயில்ல வெச்சேன்.”

ஜைனப் ஒரு விரலால் தடவிப் பார்த்தாள்.

“பல்லு மாதிரியேதான் இருக்குது.”

“ரொம்ப சந்தோசமுங்க.”

“நான் பாராட்டலை, டாக்டரே.”

அவர் காதில் அது விழவில்லை. பெட்டியைத் திருப்பினார். உப்பிப் போன கெப்பாசிட்டர் எல்லாம் மாற்றியாயிற்று. பெரிய டிவியில் படம் கண்ணாடி மாதிரி வருகிறது. உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டு. அந்தக் கம்ப்யூட்டருக்கு இதுவரை வந்த அத்தனை கேமும் அதற்குள் அடக்கம்.

“‘பாம்புக் குகை’ன்னு ஒரு கேமுங்க. எங்க ரெண்டு பேருக்கும் அதுன்னா உசுரு. அன்னிக்கு அவன் வந்து உக்காந்தான். பட்டனை அமுத்தினேன். கண்ணை மூடித் தெறக்கறதுக்குள்ள வந்து நிக்குது. ரெண்டு ஆட்டம் ஆடினான். ‘நல்லா இருக்குதுங்ண்ணா’ன்னான். எந்திரிச்சுட்டான். என்ற சம்சாரம் சுலோச்சனா காப்பிய ஆத்தி எடுத்துட்டு வர்றா, அவன் செருப்புல கால விட்டுட்டு நிக்கறான்.”

“திரும்பவும் வருவாரா?”

“ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வர்றேன்னான். சுலோச்சனா கூப்பிட்டதுக்காக ஒத்துக்கிட்டான். வெள்ளிக்கிழமை மஸ்கட்டுக்கு ஏறிடுவான்.”

சென்னியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுத்தமாகத்தான் இருந்தது.

“இந்தத் தடவையும் அப்படியே போயிட்டான்னா, இனி நானும் அவனும் பாத்துக்கறது ஏதாவது ஒரு சாவுலதானுங்க டீச்சர். அது என்னுதாக்கூட இருக்கும்.”

ஜைனப் பெட்டியின் பொத்தான்களில் ஒன்றை அழுத்திப் பார்த்தாள்.

“அதனால சொல்லுங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள இதுல இன்னும் என்ன மாத்தலாம்? கலர் சிப்பு புதுசு ஒண்ணு வந்திருக்குதாம். வயரில்லாத ஜாய்ஸ்டிக் போடலாமா?”

“அந்தப் பாம்புக் குகைல என்னங்க வரும்?”

“பாம்பு வரும்.”

“அப்புறம்?”

அவர் யோசித்தார்.

“குகை வரும்.”

ஜைனப் சிரித்துவிட்டாள். அவருக்கும் சிரிப்பு வந்தது.

“சரி, கேமை விடுங்க. அந்தக் காலத்துல ஆடினதுல வேற என்ன ஞாபகம் இருக்குது?”

கேட்டதுதான் தாமதம். சென்னியப்பனின் முகமே மாறிவிட்டது.

“எல்லாம் இருக்குதுங்க! அம்மா கடலை வறுத்துக் கொண்டாந்து ஆளுக்கொரு கை வெப்பாங்க. அவன் அவனோட பங்கை டவுசர் பாக்கெட்டுல போட்டுட்டு என்னுதைத் திம்பான். கணக்கு வாத்தியார் மாதிரி நடந்து காட்டுவான். ஒருக்கா, ‘அண்ணா, என்னை ஹாஸ்டல்ல சேக்கப் போறாங்களாம், நீ வேண்டாம்னு சொல்லு’ன்னு அழுதான். நான் போய் அப்பாகிட்டச் சொன்னேன். ரெண்டு அறை வாங்கினேன். ஆனா ஹாஸ்டல்ல சேக்கலை.”

“இதெல்லாம் எப்ப? ஆடறப்பவா?”

“ஆடறப்ப யாருங்க பேசுவா! லோடு ஆகறப்ப. அப்பெல்லாம் கேமு கேசட்டுல இருந்து வரணும். டேப் ரெக்கார்டர் கீய்ய்னு கத்தும். டிவில கோடு கோடா ஓடும். அது பாட்டுக்கு ஓடிட்டே கெடக்கும். பாதி நாள் கடைசி வரைக்கும் வந்துட்டு நின்னு போயிரும். பெரிய ரோதனைங்க அது. நான் மொதக் காரியமா ஒழிச்சுக் கட்டினதே அதைத்தான்.”

பெருமையாகச் சொன்னார்.

ஜைனப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு திருப்புளியை எடுத்தாள். பெட்டியைக் கவிழ்த்தாள். திருகாணிகளைக் கழற்றினாள். மூடியைத் தூக்கி, சாமணத்தால் அந்த மெமரி கார்டைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

“டீச்சர்! அத்தனை கேமும் அதுலதான் இருக்குது!”

கார்டு ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போனது. டின் மூடிக்கொண்டது.

அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு டேப் ரெக்கார்டரை எடுத்தாள். மூடி உடைந்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. தூசியை ஊதினாள். ஒரு வயரைத் தேடியெடுத்து அதோடு சுற்றினாள்.

“பாம்புக் குகை கேசட் வீட்டுல இருக்குதா?”

“இருக்குதுங்க. கண்ணாடி அலமாரில வெச்சிருக்கேன்.”

“வெளிய எடுங்க. இதுல போட்டு ஓட்டுங்க.”

“நான் இதைவிட நல்லதா ஒண்ணு கேட்டேன்.”

“குடுத்துட்டேன்.”

“லோடு ஆகாதுங்க டீச்சர் இதுல! என் மானமே போயிரும். அவன் முன்னாடி…”

ஜைனப் அயர்னை எடுத்தாள். ஈயம் உருகி மெல்லிய புகை எழுந்தது. அதற்கப்புறம் அவள் நிமிரவில்லை.

சென்னியப்பன் பெட்டியைத் திருகி மூடித் துணியில் சுற்றினார். டேப் ரெக்கார்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார்.

வீட்டில் சுலோச்சனாவிடம் சொன்னார், “குருன்னு ஒருத்திய நானாத் தேடிப் போய்ப் புடிச்சேன் பாரு.”

“போனதே போனீங்க, அவ சொன்னதைச் செய்ங்க” என்றாள் சுலோச்சனா.

ஞாயிற்றுக்கிழமை நாச்சிமுத்து வந்தான். தலை பாதி நரைத்திருந்தது. கோழிக் குழம்பு நல்லா இருக்குதுங்க அண்ணி என்றான். மோர் நல்லா இருக்குது என்றான். கை கழுவிவிட்டு வந்து கடிகாரத்தைப் பார்த்தான்.

“ஒரு ஆட்டம் ஆடிட்டுக் கெளம்பட்டுங்களாண்ணா?”

டிவிக்கு முன்னால் போய் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். டேப் ரெக்கார்டரைப் பார்த்தான்.

“இது எதுக்குங்க? அன்னிக்கு இது இல்லாமயே வந்துச்சே.”

“உள்ள ஒரு கார்டு இருந்துச்சு. டீச்சர் புடுங்கி வெச்சுக்கிட்டாங்க.”

“எந்த டீச்சர்?”

“என்ற குரு.”

“பேரன் எடுக்கற வயசுல உனக்குக் குரு வேறயா!”

“உனக்கு” என்று சொன்னபிறகுதான் நாச்சிமுத்துவுக்கே உறைத்தது போலிருந்தது. அவன் மறுபடி டிவியைப் பார்த்தான்.

சென்னியப்பன் கேசட்டைப் போட்டார். பொத்தானை அழுத்தினார்.

கீய்ய் என்று கத்தியது. சமையலறையில் சுலோச்சனா காதைப் பொத்திக்கொண்டாள். டிவி முழுக்கச் சிவப்பும் நீலமுமாகக் கோடுகள் ஓடின.

“கொஞ்ச நேரம் ஆகும்டா” என்றார் சென்னியப்பன். குற்றம் செய்தவர்போல் சொன்னார்.

நாச்சிமுத்து தலையாட்டினான்.

பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. செய்வதற்கும் இல்லை. கோடுகள் ஓடின. அந்த வெளிச்சம் இரண்டு முகங்களிலும் ஓடியது.

“இந்தக் கோட்டைக் காட்டி நீ என்ன சொல்லுவே தெரியுமா?” என்றான் நாச்சிமுத்து.

“என்ன சொல்லுவேன்?”

“உள்ள பாம்பு சட்டை உரிக்குது, சத்தம் போட்டீன்னா வெளிய வந்துரும்னு சொல்லுவே.”

“நானா சொன்னேன்?”

“நீதான். நான் ஒண்ணுக்குக்கூடப் போகாம உக்காந்திருப்பேன்.”

“அதான் அன்னிக்குப் பாய் நனைஞ்சுதா?”

“அது நீ! அம்மாகிட்ட என்னைச் சொல்லிட்டே!”

சமையலறை வரைக்கும் சிரிப்புச் சத்தம் கேட்டது. சுலோச்சனா காப்பிக்கு வைத்த பாலை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

சிரிப்பு அடங்கியது. கேசட் சுற்றிக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்தான். முதுகைச் சுவரில் சாய்த்தான். கண் டிவியிலேயே இருந்தது.

“ஏண்ணா.”

“ம்.”

“அம்மா கடைசில என்னைக் கேட்டாங்களா?”

இத்தனை வருஷத்தில் அவன் கேட்காதது.

“கேட்டாங்கடா. போறதுக்கு மொத நா சாயங்காலம், முத்து கெளம்பிட்டானான்னு கேட்டாங்க. கெளம்பிட்டான்னு சொன்னேன்.”

“அப்ப நான் கெளம்பவே இல்லையே.”

“இல்லைதான். சொன்னேன்.”

“அதுக்கு என்ன சொன்னாங்க?”

“வழில ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டான், வந்ததும் மொதல்ல சோத்தைப் போடுன்னாங்க.”

நாச்சிமுத்து புறங்கையால் மூக்கைத் துடைத்தான். கோடுகள் ஓடின. அவன் மெதுவாகக் கேட்டான்.

“அப்படி இருந்தும் ஏண்ணா நீ எனக்கோசரம் ஒரு ராத்திரி…”

டேப் ரெக்கார்டர் சட்டென்று ஊமையானது. கோடுகள் மறைந்தன. டிவி கருப்பாக, காலியாக இருந்தது.

“என்னாச்சு?”

“வரலை.”

என்னாச்சு என்று சென்னியப்பனுக்குத் தெரியும். கடைசி நேரத்துக் கரகரப்பைக் கேட்டபோதே தெரிந்துவிட்டது. கேசட் வாசிக்கிற ஹெட் ஒரு மயிரிழை சாய்ந்திருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். கால் சுற்று திருப்பினால் போதும், அடுத்த தடவை தப்பாமல் வந்துவிடும். மெல்லிய திருப்புளி எப்போதும் அவர் சட்டைப் பையில், பேனாவுக்குப் பக்கத்தில் இருக்கும். கை தானாக அங்கே போனது.

நாச்சிமுத்து சுவரில் சாய்ந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். காலை நீட்டிக்கொண்டான்.

“சரி பண்ணிருவியாண்ணா?”

சென்னியப்பன் பையிலிருந்து கையை எடுத்தார். தம்பிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“தெரியலையேடா” என்றார். “மொதல்ல இருந்து போடு. பாப்போம்.”