முள்ளம்பன்றிக்கு ஒரு வளை

கூராண்டி என்ற முள்ளம்பன்றி மூன்றாவது முறையாக மருத்துவக் குகைக்கு வந்தபோது, அதன் பின்னங்கால் கத்தரிக்காய் போல வீங்கிக் கறுத்திருந்தது.

அந்த அடிவாரக் காட்டில் வைத்தியசாலை என்றால் ஓடைக்குக் கிழக்கே இருந்த அந்தக் குகை ஒன்றுதான். வைத்தியம் பார்த்தது ஒரு கருமந்தி. எல்லோரும் அதை வைத்தியரம்மா என்றே அழைத்தார்கள். குகைக்குள் பன்னிரண்டு சருகுப் படுக்கைகள். தேறியவர்களை வழியனுப்பிவிட்டு, பழைய சருகை அள்ளிக் கொட்டிப் புதுச் சருகு பரப்புவது மருதி என்ற கீரியின் வேலை.

வைத்தியரம்மா காலைத் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தது.

"ஈரத்துல வைக்கக் கூடாதுன்னு போன தடவையே சொன்னேனே, கேட்டீங்களா?"

"வீட்டுலதாம்மா இருந்தேன். காய வச்சுத்தான் இருந்தேன்," என்றது கூராண்டி, தரையைப் பார்த்துக்கொண்டே.

"அப்போ எப்படிச் சீழ் பிடிச்சது?"

வைத்தியரம்மா வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிச் சாறு பிழிந்து புண்ணில் விட்டது. கூராண்டியின் முள்ளெல்லாம் ஒருமுறை சிலிர்த்து அடங்கின. அருகே படுத்திருந்த புள்ளிமான் பயந்துபோய்த் தன் படுக்கையை இழுத்துக்கொண்டு நகர்ந்தது.

பிறகு வைத்தியரம்மா மருதியை வாசலுக்கு அழைத்தது. "மூணு நாள்ல புண்ணு வாய் மூடிடும். அதுக்கு மேல படுக்கை தர முடியாது. ஐப்பசி பிறந்தாச்சு. மழை இறங்கினா அடிபட்டதும் குளிர் கண்டதுமா நூறு பேர் வருவாங்க. ஆனா ஒண்ணு, மருதி. இன்னொரு தடவை அந்தக் கால் நனைஞ்சா விஷம் மேலே ஏறிடும். அப்புறம் என் கையில இல்ல."

மருதி கிழக்கே பார்த்தது. மலைக்குப் பின்னால் மேகம் கறுத்துத் திரண்டிருந்தது. முன்பு இரண்டு முறையும் கூராண்டியை வழியனுப்பியது மருதிதான். "கிளம்பலாம் அண்ணே," என்று சிரித்துக்கொண்டே சொன்னது. கூராண்டி வாசலைத் தாண்டுமுன்பே தான் சருகை அள்ளத் தொடங்கியதும் நினைவுக்கு வந்தது.

"அண்ணே, உங்க வளை எந்தப் பக்கம்?" என்று கேட்டது மருதி. "நான் போய்க் கூட்டிச் சுத்தம் பண்ணிக் காய்ஞ்ச சருகு போட்டுட்டு வரேன்."

கூராண்டி கொஞ்சம் தயங்கியது. "அதெல்லாம் வேண்டாம் தாயி."

"பரவாயில்ல, சொல்லுங்க."

"மேற்குக் கரையில. நாவல் மரத்தடியில."

மருதி உடனே கிளம்பியது. ஓடையில் தண்ணீர் அதிகமில்லை. கல்லுக்குக் கல் தாவி மேற்குக் கரை ஏறியது. நாவல் மரம் இருந்தது, ஆனால் நிற்கவில்லை. வேரோடு சாய்ந்து ஓடைக்குள் கிடந்தது. மரம் நின்ற இடத்தில் கரை பெரிதாகச் சரிந்திருந்தது. சரிவின்மேல் நாணல் முளைத்து ஆள் உயரம் வளர்ந்திருந்தது. நேற்றோ முந்தாநாளோ சரிந்த கரை இல்லை அது. போன வருஷ வெள்ளத்தில் போனது.

மருதி திரும்பி வந்து படுக்கையருகே உட்கார்ந்தது.

"பார்த்துட்டு வந்துட்டியா?" என்றது கூராண்டி.

"ஏன் அண்ணே சொல்லல?"

"வீடு இல்லாதவன்னு தெரிஞ்சா உள்ளேயே விட மாட்டீங்கன்னு நினைச்சேன். இங்கயே ஒட்டிக்குவான்னு பயப்படுவீங்கல்ல?" கூராண்டி காலை மெதுவாக நகர்த்தி வைத்தது. "புதருக்கடியில படுப்பேன். பனி பெய்யும். காலைத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் தூங்குவேன். தூக்கத்துல அது கீழே இறங்கிடும்."

மருதியால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மூன்று நாளில் ஒரு நாள் போயிருந்தது.

மறுநாள் விடிந்ததும் மருதி இடம் தேடப் புறப்பட்டது. கரையான் புற்றில் குடியிருந்த உடும்பு தலையை மட்டும் நீட்டியது. "எனக்கே திரும்பிப் படுக்க இடமில்ல. இதுல முள்ளு வேறயா?" என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. காட்டுப்பன்றி கேட்ட மாத்திரத்தில் உறுமியது. பாறைக்கடியில் ஒரு நல்ல வளை இருந்தது. உலர்ந்த மண். மருதிக்கு மனம் துள்ளியது. எட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு நாகம். கீரியைக் கண்டதும் அது மூலையில் சுருண்டு நடுங்கியது. ஒரு சீறல் போதும், வளை காலியாகிவிடும். மருதி ஒரு கணம் நின்றது. ஒருத்தரை வெளியே தள்ளி இன்னொருத்தரை உள்ளே வைக்க அதற்கு மனம் வரவில்லை. "நீங்க இருங்க," என்று சொல்லிவிட்டு நடந்தது.

பொழுது சாயும்போது மேற்குக் கரை மேட்டுக்கு வந்து சேர்ந்தது. அங்கே வடிவு என்ற நரிக்கு மூன்று வளைகள் இருந்தன. மூன்றும் ஒரு வாகை மரத்தின் வேருக்கடியில், வெள்ளம் ஏறாத உயரத்தில். நான்கு குட்டிகளோடு நரி ஒன்றில்தான் இருந்தது.

"அக்கா, ஒரு வளை கொடுத்தா ஒரு உயிர் பிழைக்கும்," என்றது மருதி.

நரி முழுக்கக் கேட்டுக்கொண்டது. பிறகு தலையை ஆட்டியது. "முடியாது மருதி. நான் பேராசைக்காரின்னு நீ நினைப்ப. எனக்கு எதுக்கு மூணு வளை? சிறுத்தை. ஒண்ணுல மோப்பம் பிடிச்சா அடுத்ததுக்குக் குட்டிகளைத் தூக்கிட்டு ஓடணும். இதுல புண்ணுக்காரனைப் பக்கத்துல வச்சா, அந்த வாடைக்கே சிறுத்தை தேடி வரும்."

நரி சொன்னதில் நியாயம் இருந்தது. மருதி மேட்டிலிருந்து இறங்கி நடந்தது. இடி உருண்டது. நாளை ஒரு நாள்தான். நாளை மதியம் படுக்கையைக் காலி செய்ய வேண்டும். புள்ளிமான் பயந்து நகர்ந்ததும், உடும்பு தலையை இழுத்துக்கொண்டதும் கண்முன் வந்தன. எல்லாருக்கும் அந்த முள்தான் பயம். எல்லாருக்கும் என்றால்?

மருதி திரும்பி மேட்டுக்கு ஓடியது.

"அக்கா, ஒண்ணு கேட்கிறேன். முள்ளம்பன்றி இருக்கிற வளைக்குள்ள சிறுத்தை மூஞ்சியை நீட்டுமா?"

நரி யோசித்தது. "நீட்டாது. ஒரு தடவை குத்துப்பட்ட சிறுத்தையைப் பார்த்திருக்கேன். மூக்கு அழுகிச் செத்துச்சு." உடனே சந்தேகத்தோடு கேட்டது, "ஆனா இவன் நடக்கக்கூட முடியாதவன்தானே?"

"புண்ணு கால்லதான் அக்கா. முதுகுல இல்ல."

நரி குட்டிகளைப் பார்த்தது. அவை ஒன்றன் காதை ஒன்று கடித்துக்கொண்டிருந்தன.

"மழை விடுற வரைக்கும் பார்க்கலாம். நடு வளையை எடுத்துக்கட்டும். ஆனா கொண்டுவந்து போட்டுட்டு நீ போயிடக் கூடாது. வந்து வந்து பார்க்கணும். உள்ளேயே செத்துக் கிடந்தா என்னால தூக்க முடியாது."

"வரேன் அக்கா," என்றது மருதி.

மறுநாள் மதியம் வைத்தியரம்மா புண்ணில் மருந்து வைத்தது. அதன்மேல் இரண்டு தேக்கிலையை மடித்துச் சுற்றிக் கொடியால் கட்டியது. ஓடையைத் தாண்டும்போதே தூறல் விழத் தொடங்கிவிட்டது. மூன்று காலில் தாவித் தாவி, மூச்சு வாங்கக் கூராண்டி மேடு ஏறியது. மருதி பின்னாலேயே, அந்தத் தேக்கிலையையே பார்த்துக்கொண்டு வந்தது.

வளை வாசலில் கூராண்டி நின்றுவிட்டது.

"உள்ளே போங்க அண்ணே, நனையுது."

கூராண்டி அசையவில்லை. உடம்பு நடுங்கி முள்கள் ஒன்றோடொன்று உரசிச் சத்தமிட்டன. "மேலே மண்ணு இருக்கு தாயி," என்றது. "கரை சரிஞ்ச அன்னைக்கு நான் உள்ளேதான் இருந்தேன். ஒரு பகல் முழுக்கத் தோண்டித்தான் வெளியே வந்தேன். அதுல இருந்து எனக்குக் கூரைன்னாலே..."

மழை வலுத்தது. ஒவ்வொரு துளியும் தேக்கிலையில் பட்டுத் தெறித்தது. மருதி வற்புறுத்தவில்லை. தானே உள்ளே போனது. கூரையில் பின்னிக் கிடந்த வாகை வேர்களைப் பிடித்துத் தொங்கி ஆட்டியது. ஒரு பிடி மண்கூட உதிரவில்லை. "கையைக் கோத்த மாதிரி வேர் பிடிச்சிருக்கு அண்ணே. வாசல்கிட்டயே படுங்க. மனசு வந்தா உள்ளே போங்க," என்று உள்ளிருந்து குரல் கொடுத்தது.

சிறிது நேரத்தில் கூராண்டியின் மூக்கு உள்ளே வந்தது. பிறகு தலை. பிறகு கட்டுப்போட்ட கால்.

மருதி குகைக்குத் திரும்பிய சற்று நேரத்தில் ஓடை பெருகிவிட்டது. நான்கு நாள் மழை விடவில்லை. மருதியால் அந்தக் கரைக்குப் போக முடியவில்லை. குகையில் கூட்டம் நெருக்கியது. வேலைக்கு நடுவே அது அடிக்கடி வாசலுக்கு வந்து செம்மண் நிறத்தில் சுழன்றோடும் தண்ணீரைப் பார்த்தது. வருகிறேன் என்று சொன்னதே. கட்டு நனைந்திருந்தால்? நரி மனம் மாறியிருந்தால்? பயத்தில் கூராண்டியே வெளியேறிப் புதருக்குப் போயிருந்தால்?

ஐந்தாம் நாள் தண்ணீர் வடிந்ததும் மருதி தாவி ஓடியது.

நடு வளையின் வாசலில் யாரும் இல்லை. "அண்ணே," என்று கூப்பிட்டது. பதில் இல்லை. நரியின் வளையும் காலி. ஈர மண்ணில் அகலமான காலடிகள் பதிந்திருந்தன. சிறுத்தையின் காலடிகள். அவற்றின் நடுவே இரண்டு முள்கள் உதிர்ந்து கிடந்தன. மருதி ஒன்றைக் கையில் எடுத்தது. நான்தானே கொண்டுவந்து விட்டேன் என்று நினைத்தது. நான்தானே.

அப்போது மேட்டின் பின்புறமிருந்து மண் தோண்டும் ஓசை கேட்டது.

மருதி சுற்றிக்கொண்டு ஓடியது. அங்கே ஒரு புதிய துவாரத்திலிருந்து மண் வெளியே வந்து விழுந்துகொண்டிருந்தது. மண்ணுக்குப் பின்னால் கூராண்டியின் முகம் வந்தது.

"தாயி, வந்துட்டியா? பின்பக்கம் ஒரு வழி போடுறேன். ரெண்டு வாசல் இருந்தா எனக்குத் தூக்கம் வரும்."

உள்ளேயிருந்து நரி சொன்னது, "நேத்து ராத்திரி மழை விட்டதும் சிறுத்தை வந்துச்சு மருதி. குட்டிகளைத் தூக்கிட்டு ஓட நேரமே இல்ல. இவர் வளைக்குள்ள நுழைஞ்சோம். இவர் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னு வாலை ஆட்டினார். அந்தக் கலகல சத்தத்துக்கே அது போயிடுச்சு." பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "மழை விட்டாலும் இவர் இங்கேயே இருக்கட்டும்," என்றது.

மருதி கால் கட்டைப் பிரித்துப் பார்த்தது. கட்டு காய்ந்திருந்தது. புண் வாய் மூடி, ஓரத்தில் இளஞ்சிவப்பாய்ப் புதுத் தோல் பிடித்திருந்தது. மருதி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டது.

குகைக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னதும் வைத்தியரம்மா கையிலிருந்த மருந்தை அரைத்து முடித்தது. பிறகு, "நாளையிலிருந்து சருகு பரப்ப வேற ஆள் பார்க்கிறேன். நீ வளை தேடு," என்றது.

அன்று பன்னிரண்டு படுக்கைகளில் கிடந்தவர்களில் மூன்று பேருக்குத் தேறினாலும் திரும்பிப் போக வீடில்லை. மருதி அறிந்த காலி வளை ஒன்றே ஒன்று, நரியின் மேட்டில் இருந்த மூன்றாவது வளை. மருதி வெளியே வந்து, மேகத்தைப் பார்த்துவிட்டு, வேகமாக நடக்கத் தொடங்கியது.

நோயாளிக்கு மருந்து கொடுப்பது பாதி வைத்தியம்தான், அவர் தலை சாய்க்க ஓர் இடம் தேடிக் கொடுப்பதே மீதி வைத்தியம்.