டெல் ஏன் தனியாக வருவதில்லை

அந்தக் காலத்தில் சொற்களுக்குக் கைகால் இருந்தது. வாயும் கொஞ்சம் நீளம்தான். ஆங்கிலச் சொற்களெல்லாம் ஒரு ஆற்றங்கரை ஊரில் குடியிருந்தன. அங்கே ஸேயும் (say) டெல்லும் (tell) அக்கா தங்கை. ஊருக்குச் சேதி சொல்வது இருவரின் வேலை. ஸே முச்சந்தியில் நின்று உரக்கச் சொல்லிவிட்டு வந்துவிடுவாள், கேட்டவர் கேட்கட்டும். டெல் அப்படியில்லை. ஒவ்வொருவர் கையாகப் பிடித்து, முகம் பார்த்துச் சொல்லி, "ஆகட்டும்" என்று பதில் வாங்கிக்கொண்டுதான் திரும்புவாள்.

ஒருநாள் காலை சேதி வந்தது: மதியம் மதகு திறக்கிறார்கள், யாரும் ஆற்றில் இறங்கக் கூடாது. மேட்டுத்தெரு ஸேக்கு, ஆற்றங்கரை டெல்லுக்கு.

"இன்னிக்கும் ஒவ்வொருத்தர் கையா பிடிச்சு உருகப் போறியா?" என்றாள் ஸே. "நான் சொல்லிட்டு வந்து, சமைச்சு, பாத்திரமே கழுவிடுவேன். நீ சேதி சொல்லப் போறியா, சம்பந்தம் பேசப் போறியா?"

டெல்லுக்குச் சுருக்கென்றது. விடுவிடுவென்று கிளம்பினாள். உலை கொதிக்கும் முன்பே திரும்பிவிட்டாள்.

"அட! எப்படிடி?"

"உன்னை மாதிரியேதான்க்கா. கரை மேல நின்னு கத்திட்டு வந்துட்டேன்."

"துணி துவைக்கிற மதினிகிட்ட?"

"துணியைக் கல்லுல அடிச்சிட்டிருந்தாங்க. கேட்டிருக்கும்."

ஸே கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். அவள் கரையை எட்டும்போது மதகு திறந்தாகிவிட்டது. துவைகல் தெரியவில்லை. மதினியும் தெரியவில்லை. பிழிந்த துணிகள் மட்டும் மேட்டில் உலர்ந்துகொண்டிருந்தன.

மதினியும் ஒரு சொல்தான். ஊரே மதினி மதினி என்றதில், அவள் சொந்தப் பெயரை யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. எந்த அகராதியிலும் இனி அவள் கிடைக்கமாட்டாள்.

ஸே தங்கையைத் திட்டவில்லை. எந்த வாயால் திட்டுவாள்?

அந்த மதியத்திலிருந்துதான் டெல் ஆள் துணையில்லாமல் வாசல் தாண்டுவதில்லை. டெல் மீ, டெல் ஹர், டெல் தெம் என்று யாரையாவது பிடித்துக்கொண்டேதான் வருகிறாள். கதையோ பொய்யோ சொல்ல மட்டும் தனியாகப் போவதுண்டு; அதைக் கேட்காவிட்டால் யாரும் சாகப் போவதில்லை. ஸே இன்றும் தனியாகத்தான் வருகிறாள். யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டுமென்றால், 'டு' (to) என்ற கைத்தடியை ஊன்றி, ஒரு எட்டுத் தள்ளி நின்று சொல்கிறாள். ஒருவர் கையைப் பிடிக்க அவளுக்கு இன்னும் மனம் துணியவில்லை.