ஆமை ஏற முடியாத கரை

நீங்கள் வெளியே போயிருக்கும்போது உங்கள் வீட்டு வாசலை யாராவது பூசி அடைத்துவிட்டால், சும்மா இருப்பீர்களா? ஓர் ஆமைக்கு அப்படித்தான் ஆனது.

ஆற்றங்கரையில் விலங்குகளின் ஊர் ஒன்று இருந்தது. ஒவ்வொரு மழைக்கும் வெள்ளம் கரையைக் கரைத்தது. முயல் வளைகளில் தண்ணீர் புகுந்தது.

"கரையைக் காப்பாற்று! பார்க்கவும் அழகாக இருக்கட்டும்!" என்று ஊர்த்தலைவர் மயில், தூக்கணாங்குருவியிடம் சொன்னது. கட்டுவதில் அதை மிஞ்ச ஆள் ஏது?

குருவி பனைமரத்தில் உட்கார்ந்தபடியே திட்டம் போட்டது. எருமைகள் களிமண் மிதித்தன. குரங்குகள் கல் அடுக்கிப் பூசின. ஊர் நீளத்துக்கும் வழவழவென்று சுவர் எழுந்தது.

"அடடா! இனி என் தோகையில் சேறே படாது!" என்று மயில் ஆடியது.

அன்று சாயங்காலம், வயிறு நிறைய முட்டையோடு ஆமை ஆற்றிலிருந்து வந்தது. அது வழக்கமாக முட்டையிடும் மணல்மேடு, சுவருக்கு அந்தப் பக்கம்! ஏறியது. வழுக்கியது. மறுபடி ஏறியது. மல்லாந்து விழுந்தது!

"ஏய் குருவி! இறங்கி வாடா கீழே!"

"ஏன் அக்கா கத்துகிறீர்கள்? சுவர் அழகாக இல்லையா?"

"உன் அழகைக் கொண்டுபோய் அடுப்பில் போடு! தண்ணீரில் முட்டையிட்டால் என் பிள்ளைகள் அழுகிப் போகுமே! வழி எங்கே?"

"வெள்ளத்தைத் தடுக்கத்தானே..."

"வெள்ளத்தைத் தடு, வேண்டாம் என்றேனா? என்னை ஏன் தடுத்தாய்? உன் பெண்டாட்டிக்கு என்றால் பாதிக் கூட்டிலேயே நிறுத்தி, 'பிடித்திருக்கிறதா?' என்று கேட்கிறாய். அவள் அலகைத் திருப்பிக்கொண்டால் பிய்த்துப் போடுகிறாய்! எங்களைக் கேட்க மட்டும் வாய் வரவில்லையோ?"

குருவி முதல் தடவையாகக் கரையில் இறங்கி நின்று பார்த்தது.

"ஐயோ! மேடு இவ்வளவு உயரமா? மரத்திலிருந்து தெரியவில்லையே! வெள்ளம் இதில் ஏறாதே, இங்கே சுவரே வேண்டாம். குரங்கண்ணா, கல்லைப் பிரியுங்கள்!"

"என் சுவர்!" என்று மயில் அலறியது.

"நீங்கள் தோகையைத் தூக்கிக்கொண்டு நடங்கள், தலைவரே!" என்றது குருவி.

பாதி பிரித்ததும் குருவி நிறுத்தியது. "அக்கா, ஏறிப் பாருங்கள்."

"இன்னும் செங்குத்துதான். இன்னும் எடு!"

குரங்குகள் இன்னும் எடுத்தன. மணலைச் சரித்தன. ஆமை மெல்ல மெல்ல மேடேறியது. குழி தோண்டத் தொடங்கியும் கோபம் மட்டும் அடங்கவில்லை. தலையைத் திருப்பிச் சொன்னது:

"இனிமேல் எதைக் கட்டினாலும், பாதியிலேயே நிறுத்தி, அங்கே வாழ்கிறவர்களை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கட்டு, தம்பி!"