மல்லாந்த ஆமையும் முகம் திருப்பிய ஊரும்

காட்டோரக் குளத்து ஆமைகள் மரியாதைக்குப் பேர் போனவை. பெரியவர் எதிரே வந்தால் சின்னவை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். மாமனார் வெயில் காயும் கல்லில் மருமகள் கால் வைக்காது. இவை எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு வழக்கமும் இருந்தது. ஓர் ஆமை மல்லாந்து விழுந்துவிட்டால், பார்த்த ஆமைகள் உடனே முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அடுத்தவரின் அடிவயிற்றைப் பார்ப்பதைப் போல அவமரியாதை வேறு இல்லை! விழுந்தவர் தானே புரண்டு எழுந்து வர வேண்டும். வந்த பிறகு யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது.

இளம் ஆமைகளுக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. கழுத்தை நீட்டி, தலையைத் தரையில் ஊன்றி, ஓர் உந்து உந்தினால் புரண்டுவிடும். கிழ ஆமைகளுக்குத்தான் கஷ்டம். ஆனால் கிழ ஆமைகள் வாயைத் திறக்கவில்லை. அதனால் அந்தக் குளத்தில் யாரும் விழுந்து கஷ்டப்படுவதே இல்லை என்று மற்ற ஆமைகள் நம்பின.

ஓடையப்பன் என்ற கிழ ஆமை தன் மகன் மடுவனோடும் மருமகள் வள்ளையோடும் அங்கே இருந்தது. தினமும் காலையில் ஓடையப்பன் குளத்துப் பாறையில் ஏறி வெயில் காயும். பிறகு பாறையின் மறுபக்கம் இறங்கிக் கரைக்குப் போகும். அங்கே ஒரு நாவல் மரம் இருந்தது. பழம் என்றால் ஓடையப்பனுக்கு உயிர்.

அந்த மறுபக்கம் செங்குத்து. காலை வெயில் படாததால் பாசி பிடித்திருந்தது. பாசியின் மேல் நாவல் பழம் விழுந்து, நசுங்கி, வழவழவென்று கிடந்தது. கோரைப்புல் ஊடே ஒரு சுற்று வழியும் உண்டு. அது நீளம், ஆனால் காய்ந்த வழி. குஞ்சுகளும் முட்டை சுமக்கும் தாய் ஆமைகளும் அதில்தான் போகும்.

"நான் என்ன முட்டையா சுமக்கிறேன்?" என்று ஓடையப்பன் செங்குத்திலேயே இறங்கும்.

ஒருநாள் அதன் முன்கால் வழுக்கியது. தடதடவென்று உருண்டு, மரத்தடிச் சேற்றில் மல்லாந்து விழுந்தது. பாறைமேல் இருந்த ஆமைகள் பார்த்தன. பார்த்ததும் படபடவென்று தண்ணீருக்குள் குதித்துவிட்டன. எவ்வளவு மரியாதை!

ஓடையப்பன் கழுத்தை நீட்டிப் பார்த்தது. கால்களை உதைத்துப் பார்த்தது. வெயில் ஏறிவிட்டது. நாக்கு உலர்ந்துவிட்டது. கடைசியில் ஒரு வேர் தலைக்கு எட்டியது. அதில் முட்டுக்கொடுத்து எப்படியோ புரண்டது.

வீட்டுக்கு வரும்போது மதியம் கழிந்துவிட்டது.

"ஏன் மாமா இவ்வளவு நேரம்?" என்று வள்ளை கேட்டது.

"பழம் ஜாஸ்தியா தின்னுட்டேன். அப்படியே அசந்துட்டேன்."

"முதுகிலே ஏது மாமா சேறு?"

சுற்றியிருந்த ஆமைகள் எல்லாம் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டன. ஓடையப்பனின் கண் சிவந்தது.

"மருமகள் மாமனாரைக் கேட்கிற கேள்வியா இது? டேய் மடுவா! உன் பொண்டாட்டிக்கு அவங்க குளத்திலே இதெல்லாம் சொல்லிக்கொடுக்கலையா?"

"விடு வள்ளை" என்று மடுவன் காதோரம் சொன்னது. "எனக்கும் தெரியும். கேட்டா அவருக்கு அசிங்கம்."

"விழுந்தா வலிக்குமா, அசிங்கமா இருக்குமா?"

"ரெண்டும்தான். வலியை மறைச்சுக்கலாம். பேச்சை மறைக்க முடியுமா?"

அன்றிலிருந்து வள்ளைக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மாமனார் பாறையில் ஏறினால் அதன் தலை தானாக வெளியே வரும். இறங்கி முடிக்கும் வரை உள்ளே போகாது.

குளத்து ஆமைகள் பார்க்காததை ஒரு பிராணி நன்றாகப் பார்த்தது. அது ஒரு நரி. சாயங்காலம் நாவல் மரத்தடிக்கு வந்த நரி, சேற்றில் ஒரு பள்ளத்தைக் கண்டது. ஆமை முதுகின் அச்சு! சுற்றிலும் கால் உதைத்த தடம் இல்லை. காற்றில் உதைத்தால் தடம் எப்படி இருக்கும்?

"ஓகோ! இங்கே ஒரு கிழம் விழுந்து, ரொம்ப நேரம் கிடந்திருக்கு. ஒருத்தரும் வரலை!" என்று நரி சிரித்தது.

நடக்கும் ஆமையை நரியால் ஒன்றும் செய்ய முடியாது. தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் மல்லாந்த ஆமை வெயிலில் கிடந்தால் சோர்ந்துபோகும். தலை தானாக வெளியே தொங்கும். அப்புறம் ஒரே கடி!

மறுநாள் முதல் நரி மரத்தடியில் வந்து உட்கார்ந்து புகழ ஆரம்பித்தது.

"அடடா, ஓடையப்பண்ணே! இந்த வயசிலே இந்தச் செங்குத்திலே இறங்க யாருக்கு வரும்? கோரை வழியெல்லாம் பொடிசுகளுக்கு!"

"நீ ஒருத்தன்தான் கண்ணுள்ளவன்!" என்று ஓடையப்பன் பூரித்துப் போனது.

இதைக் கேட்ட வள்ளை மடுவனிடம் ஓடியது. "என்னங்க, நரி ஏன் உங்க அப்பாவைப் புகழுது? அதுக்கு நாவல் பழமா வேணும்? எனக்குப் பயமா இருக்குங்க!"

மடுவனுக்கும் பயம் வந்துவிட்டது. பயந்தவன் செய்வதை அது செய்தது. அப்பாவைக் கூப்பிட்டு, "இனிமே நீங்க பாறைக்கே போக வேண்டாம்! இந்தச் சேற்று மூலையிலே சௌக்கியமா இருங்க. பழம் நான் கொண்டு வரேன்" என்று சொல்லிவிட்டது.

"நடக்கவே கூடாதா?"

"நடந்தாத்தானே விழுவீங்க?"

சேற்று மூலையில் வெயில் இல்லை. வேலை இல்லை. பழம் வாய்க்கே வந்தது. ஒரு மாதம் போவதற்குள் ஓடையப்பனின் கால்கள் நூலாகிவிட்டன. ஓட்டின்மேல் பச்சையாகப் பூஞ்சை படர்ந்தது. எழுந்தால் தலை சுற்றியது. கழுத்தைத் தூக்கவே சோம்பலாக இருந்தது. வள்ளை வந்து, "மாமா, வாங்க, கோரை வழியிலே கொஞ்ச தூரம் நடக்கலாம். நான் பக்கத்திலேயே வரேன்" என்று கூப்பிட்டுப் பார்த்தது.

"கோரை வழியா? நானா?" என்று ஓடையப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஒருநாள் காலை கரையிலிருந்து நரியின் குரல் கேட்டது.

"என்ன அண்ணே, பையன் ஜெயில்லே போட்டுட்டானா? போகட்டும், வயசாச்சு பாருங்க. இங்கே பழம் கொட்டிக் கிடக்கு. செங்குத்திலே இறங்கித் தின்ன ஆளில்லை!"

அவ்வளவுதான். ஓடையப்பனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மகன் மறுகரைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, மூச்சு வாங்க வாங்கப் பாறையில் ஏறியது. மறுபக்கம் ஒரு கால் வைத்தது. இரண்டாவது கால் வைப்பதற்குள் தலை கிறுகிறுத்தது. பாசி வழுக்கியது.

தட்! தடார்!

மரத்தடியில் மல்லாந்து கிடந்தது ஓடையப்பன். இந்தத் தடவை வேர் எட்டவில்லை. எட்டியிருந்தாலும் கழுத்தில் பலமில்லை.

பாறைமேல் இருந்த ஆமைகள் வழக்கப்படி முகத்தைத் திருப்பின. நரி புதரிலிருந்து வெளியே வந்து, முன்காலை நீட்டி உட்கார்ந்தது.

"ஆகா! என்ன மரியாதை, என்ன பண்பாடு! அப்படியே இருங்கள், யாரும் திரும்பிவிடாதீர்கள். பெரியவர் மானம் முக்கியம்!" என்று உரக்கச் சொன்னது.

அல்லி இலையில் இருந்த தவளைக்குப் பொறுக்கவில்லை. "ஏய் ஆமைகளா! கிழவர் அங்கே கிடக்கிறார், நீங்க என்ன, புதுப்பொண்ணு மாதிரி திரும்பி நிக்கிறீங்க?" என்று கத்தியது.

"உனக்கென்ன தெரியும்? உங்க ஜாதிக்கு வயிறே உடம்பு!" என்றது ஓர் ஆமை, திரும்பாமலே.

சத்தம் கேட்டு வள்ளை நீரிலிருந்து தலையைத் தூக்கியது. சேற்று மூலை காலியாக இருந்தது. புரிந்துவிட்டது. கரையேறி, நரி இருக்கிறது என்பதையும் பார்க்காமல், கோரை வழியாக விழுந்தடித்துக்கொண்டு போனது.

"வராதே!" என்று ஓடையப்பன் அலறியது. "பார்க்காதே அம்மா!"

"பார்த்துட்டேன் மாமா. இனிமே பார்க்கலைன்னு சொல்ல முடியாது. எங்கே வலிக்குது? நாலு காலையும் ஒவ்வொண்ணா அசைங்க."

ஓடையப்பன் அசைத்தது. பின்கால் ஒன்று வலித்தது, ஆனால் அசைந்தது. வள்ளை பக்கவாட்டில் போய் ஓட்டை முட்டியது. கிழ ஆமை பாறாங்கல் கனம்! இம்மியும் நகரவில்லை.

"மருமகளே, நீயும் மல்லாந்தால் எனக்கு ரெண்டு வேளைச் சாப்பாடு" என்று நரி எழுந்து வந்தது. மூக்கை வள்ளையின் ஓட்டுக்குக் கீழே கொடுத்தது. வள்ளை தலையை இழுத்துக்கொண்டு தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டது. ஓட்டுக்குள்ளிருந்தே கத்தியது:

"என்னங்க! மடுவா! யாராவது வாங்களேன்!"

புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதைக் கேட்டதும் குளமே அதிர்ந்தது. அப்போதுதான் மறுகரையிலிருந்து வந்துசேர்ந்த மடுவன், பாறையடியில் அப்படியே நின்றுவிட்டது.

"வரேன் வள்ளை! ஆனா அப்பாவோட வயிற்றை நான் எப்படிப் பார்ப்பேன்?"

"பார்க்காமலாவது வந்து தொலைங்க!"

மடுவன் யோசித்தது. பிறகு திரும்பி நின்று, பின்பக்கமாகவே நடந்து வந்தது! அதைப் பார்த்த மற்ற ஆமைகளும் பின்பக்கமாகவே கிளம்பின. குளத்து ஆமைகள் எல்லாம் வாலை முன்னால் விட்டு, தலையைப் பின்னால் வைத்து, கோரை வழியாக ஊர்ந்து வந்தன. வழி தெரியாமல் ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டன.

"இடது பக்கம்!" என்று வள்ளை கத்தியது. "ஐயோ, என் இடது இல்லை, உங்க இடது! இன்னும் பின்னாலே! பின்னாலே!"

தவளை இலையிலேயே உருண்டு உருண்டு சிரித்தது.

நரிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆமையை முன்னாலிருந்து கடித்தால் தலை கிடைக்கும். வருவதெல்லாம் வெறும் ஓடு! ஒன்றைக் கடித்தது, பல் கூசியது. இன்னொன்றைக் காலால் தள்ளியது. பின்னால் வந்தவை அதைத் தாங்கிக்கொண்டன. ஓடுகள் நெருங்கி நெருங்கி வந்து நரியின் காலை நசுக்கின. "ஊ!" என்று ஊளையிட்டு நரி காட்டுக்குள் ஓடியது.

ஓடையப்பனை யாராலும் புரட்ட முடியவில்லை. பார்க்காமல் முட்டினால் எங்கே முட்டுவது? ஒன்று தலைப்பக்கம் முட்டியது, ஒன்று வால்பக்கம் முட்டியது. கிழ ஆமை பம்பரம்போல் சுற்றியதுதான் மிச்சம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஓடையப்பனின் தலை மெல்ல வெளியே தொங்கியது.

"அப்பா!" என்றது மடுவன். பதில் இல்லை.

மடுவன் திரும்பியது. அப்பாவின் அடிவயிற்றைப் பார்த்தது. மஞ்சளாக, வயதான கீறல்களோடு, மூச்சில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதில் அவமானம் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"எல்லாரும் திரும்புங்க!" என்று மடுவன் கத்தியது. "ஒரே பக்கமா முட்டணும். வள்ளை, அந்தப் பக்கம் ஒரு கல்லை வை. சறுக்கிப் போகாம இருக்கும்."

எல்லாம் திரும்பின. எல்லாம் பார்த்தன. ஒரே முட்டு. ஓடையப்பன் புரண்டு காலில் நின்றது.

"உடனே நடக்காதீங்க மாமா" என்றது வள்ளை. "கொஞ்சம் மூச்சு விடுங்க. தலை சுத்துதா?"

"சுத்துது" என்றது ஓடையப்பன். பிறகு மெதுவாக, "ரொம்ப நாளா சுத்துது" என்றது.

"இதுக்கு முன்னாடியும் விழுந்தீங்களா?"

கிழ ஆமை எல்லா முகங்களையும் பார்த்தது. முதல் தடவையாக எல்லா முகங்களும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தன. "விழுந்தேன்" என்றது.

கூட்டத்தில் இன்னொரு கிழ ஆமை இருமியது. "நான்கூட... போன மழையிலே... இதே இடத்திலேதான்."

"நானும்" என்றது மூன்றாவது கிழ ஆமை.

இளம் ஆமைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. இத்தனை பேர் விழுந்த இடமா இது? பாசியைக்கூட யாரும் கவனித்ததில்லையே!

"இனிமே அப்பாவை வெளியே விடவே மாட்டேன்" என்றது மடுவன்.

"அதைத்தானே ஒரு மாசம் செஞ்சோம்?" என்றது வள்ளை. "கால் போச்சு, கழுத்து போச்சு. மாமா தினமும் நடக்கணும். வழியைத்தான் நாம பார்க்கணும்."

அன்று சாயங்காலமே ஆமைகள் நசுங்கிய பழங்களைத் தள்ளிச் சுத்தம் செய்தன. செங்குத்தில் யாரும் இறங்கக் கூடாது என்று முள்ளை இழுத்துப் போட்டன. ஓடையப்பன் கோரை வழியில் நடக்க ஆரம்பித்தது. முதலில் அதற்கு வெட்கமாக இருந்தது. குஞ்சுகள் முந்திக்கொண்டு போனபோது கோபம்கூட வந்தது. ஆனால் வெயில் பட்டு, நடந்து நடந்து, காலில் சதை பிடித்தது. தூங்கி எழுந்ததும் சட்டென்று கிளம்பாமல் கொஞ்சம் நின்றுவிட்டுக் கிளம்பக் கற்றுக்கொண்டது.

அப்படியும் அடைமழையில் ஒருநாள் கோரை வழியிலேயே அதன் கால் பிசகியது. முதுகு தரையைத் தொடுவதற்கு முன்பே அது கத்திய கத்தலில் குளத்துத் தவளைகள் எல்லாம் வாயை மூடிக்கொண்டன.

"ஏய்! விழுந்துட்டேன்! எல்லாரும் வந்து பாருங்கடா!"

ஆமைகள் முகத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஓடி வந்தன.

பெரியவர்கள் விழுந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். சுற்றியிருப்பவர்கள் அவர்களைக் கட்டிப்போடாமலும் கண்டும் காணாமல் இருக்காமலும், விழவைத்த இடத்தைச் சீர்செய்து, நடக்கத் துணை நிற்க வேண்டும்.