பிறந்த வீட்டுக் கோடி

ஆற்றங்கரை மடத்துச் சாமிக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. அவரிடம் பாடம் கேட்க வந்த திருச்சிற்றம்பலத்துக்கோ தலை முழுக்க நரை. தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு சொல் கையில் சிக்கினால் அதன் வேரைத் தோண்டாமல் விடமாட்டார்.

அன்று காலை ஒரு துணிப்பையோடு வந்தார். உட்காரும் முன்பே கேட்டார்.

"கோடின்னா என்ன சாமி?"

"வாத்தியார் நீங்க. நீங்களே சொல்லுங்க."

"நூறு லட்சம் ஒரு கோடி. தெருக்கோடின்னா தெருவோட கடைசி. தண்ணி படாத புதுத்துணியும் கோடிதான். கடைசிங்கற அர்த்தந்தான் துணிக்கு வந்துச்சுன்னு ஒருத்தர் சொல்றார். அது வேற, இது வேறங்கறார் இன்னொருத்தர். கல்யாணத்துக்கும் கோடி எடுக்கறோம், பொணத்துக்கும் கோடி போத்தறோம். எது சாமி இதுக்கு வேர்?"

பையைக் கீழே வைத்தார். துக்கத்தில் இருக்கிறவன் அகராதியைப் புரட்டுவதைப் போல் பரிதாபம் வேறில்லை.

சாமி பையைப் பார்த்தார். "இது யாருக்கு?"

"தங்கச்சி செங்கமலத்துக்கு. மாப்பிள்ளை தவறிட்டார். நாளைக்குக் காரியம். பொறந்த வீட்டுக் கோடியை அவ தோள்ல நான்தான் போடணும்."

"போடுங்க."

"அவ கல்யாணத்துக்கும் நான்தான் கோடி எடுத்துக் கொடுத்தேன். கையில வாங்கிட்டு எப்படிச் சிரிச்சா தெரியுமா? கொடுத்த அதே கையால இதை எப்படிப் போடுவேன்?"

வாத்தியார் பையைச் சாமி பக்கம் தள்ளினார்.

"மடத்துச் சமையல்காரர் இன்னைக்கு அவ ஊருக்குப் போறாராம். அவர்கிட்டக் கொடுத்தனுப்பிடலாம்னு பாக்கறேன். அவ மொகத்தைப் பாக்க எனக்குத் தெம்பில்ல சாமி."

சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதார். சாமி அவரை அழவிட்டார்.

"எங்கப்பா போனப்ப நான் சின்னப் பையன்," என்றார் சாமி. "அம்மாவுக்குக் கூடப்பொறந்தவர் ஒரே ஒருத்தர். விடிஞ்சதுலேர்ந்து அம்மா வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. அண்ணன் வரும், அண்ணன் வரும்னு வாய் ஓயல."

"கோடி வந்துச்சா?"

"வந்துச்சு. ஒசந்த நூல்சேலை. ஊரே தொட்டுப் பாத்து மெச்சிச்சு."

"மாமா என்ன சொல்லித் தேத்தினார்?"

சாமி பையை எடுத்து வாத்தியார் மடியில் வைத்தார்.

"சேலை மட்டுந்தான் வந்துச்சுங்கய்யா."