குழம்பு வாளி நிறைந்த ஆசீர்வாதம்

மளிகை மொத்த வியாபாரி அருள்திரவியம் சபையின் மூப்பர். "நேர்மையா நடந்தேன், கர்த்தர் அள்ளிக் கொடுத்தார்" என்று ஓயாமல் சொல்வார். அதில் பொய் இல்லை; தராசில் ஒருநாளும் கள்ளம் பண்ணாத மனுஷன்.

ஐப்பசிக் காற்றில் கூரை பறந்துபோன கிரேனாள், சபையின் உதவி கேட்டு அவர் முன் நின்றாள்.

"நீதியா வாழ்ந்தா ஆசீர்வாதம் தானா வருமே! உன்கிட்ட என்ன பாவம்னு கண்டுபிடிச்சு அறிக்கை பண்ணு. அப்புறம் பாக்கலாம்" என்றார் மூப்பர்.

செய்யாத பாவத்தை எங்கே போய்த் தேடுவாள்? "யோசிச்சுச் சொல்லுதேன், ஐயா" என்று திரும்பிவிட்டாள். அவள் பிள்ளைகள் பள்ளிக்கூட வராந்தாவில் படுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, சபையார் எல்லாரும் கூடி உண்ணும் அசனம். குழம்பு பரிமாறி வந்த கிரேனாள் மூப்பரின் இலைமுன் நின்றுவிட்டாள்.

"ஊத்தும்மா, சோறு ஆறுது."

"பயமா இருக்கு, ஐயா. என் வாளி நிறைய கர்த்தர் தந்திருக்காரு. உங்க இலையில ஒரு சொட்டு இல்ல. என்ன பாவம்னு சொல்லிட்டியன்னா ஊத்திருதேன்."

பந்தியே சிரித்தது. மூப்பருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அது உனக்குத் தந்ததா? பந்திக்குத் தந்தது!"

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவர் காதிலேயே விழுந்தது. எழுந்து வாளியை வாங்கி, அவளைத் தன் இடத்தில் உட்காரவைத்தார். குழம்பைத் தானே ஊற்றினார்.

"போதும், ஐயா."

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கோம்மா."

மறுநாள் விடியவே அவள் வீட்டு முன் ஓலை வந்திறங்கியது. ஏணியைப் பிடித்துக்கொள்ள மூப்பரே வந்திருந்தார்.