கொட்டகைக்கு மட்டும் ஆனி மாதம்

இமயமலைச் சரிவில் தமிழர்கள் சிலர் கூடி வாழ்ந்த ஆசிரமம் ஒன்று இருந்தது. அதன் குரு அமிர்தவல்லி முன்பு கால்நடை மருத்துவராக இருந்தவர். அவரை எல்லோரும் அம்மா என்றே அழைத்தார்கள்.

அந்தச் சித்திரையில் புதிதாக ஒரு சீடர் வந்து சேர்ந்தார். பெயர் தாண்டவராயன். குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். விருத்தாசலத்தில் முப்பத்திரண்டு வருஷம் லைன்மேனாகக் கம்பம் ஏறியவர். மனைவி இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

இருட்டைக் கண்டால் அவருக்குக் கை துறுதுறுக்கும். வந்த வேகத்தில் சோலார் தகடு வரவழைத்து ஆசிரமம் முழுக்க ஒயர் இழுத்துவிட்டார். ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் அவருக்குத்தான் கிடைத்தது. வாயில்லா ஜீவன்கள் இருட்டில் தவிக்குமே என்று கொட்டகையில் பெரிய பல்பாக இரண்டு மாட்டினார். மனுஷனுக்கு அவ்வளவு இளகிய மனசு.

வருஷா வருஷம் புரட்டாசியில் சினை பிடிக்கிற ஆடுகள் அவை. இந்த வருஷம் கார்த்திகை பிறந்தும் ஒன்றுகூடக் கிடாவை அண்டவிடவில்லை. குட்டி இல்லையென்றால் பால் இல்லை. மலைக்கிராமத்துப் பிள்ளைகள் அந்தப் பாலை நம்பித்தான் இருந்தார்கள். மலட்டு மந்தையை விற்றுவிடலாம் என்று மற்றவர்கள் பேசி முடித்தார்கள். மறுநாள் காலை கறிக்கடைத் தரகர் வருவதாக ஏற்பாடு.

தாண்டவராயன் பையைக் கட்டிக்கொண்டு குருவிடம் வந்து நின்றார்.

“அம்மா, நான் கிளம்புறேன்.”

“எங்க?”

“எங்கயாச்சும். என் கை ராசியில்லாத கைம்மா. கட்டினவளையும் காப்பாத்தல. இப்ப இதுங்களும் என்னாலதான் கத்திக்குப் போவுதுங்க.”

“ஆடுகளுக்கு தினமும் என்ன செய்வீங்க?”

“தழை ஒடிச்சுப் போடுவேன், தண்ணி காட்டுவேன். பொழுது சாய்றதுக்கு முன்னயே லைட்டப் போட்டுடுவேன். பத்து மணிக்குத்தாம்மா அமத்துவேன்.”

குரு எழுந்தார். இருவரும் கொட்டகைக்குப் போனார்கள். மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. தாண்டவராயனின் கை பழக்கத்தில் சுவிட்சைத் தேடிப் போயிற்று.

“இன்னைக்கு வேண்டாம்” என்றார் குரு.

ஆடுகள் வாசலைப் பார்த்தபடி நின்றன.

“ஆட்டுக்கும் நமக்கும் மூளைக்கு அடியில, கண்ணுல இருந்து வர்ற நரம்பு ரெண்டும் குறுக்க போற இடம் ஒண்ணு இருக்கு. அதுக்கு மேல அரிசிமணியைவிடச் சின்னதா ஒரு திரள். அதுல ஆயிரக்கணக்கா உயிரணுக்கள், ஒவ்வொண்ணுக்குள்ளயும் கடிகாரம் ஓட்டுற மரபணுக்கள். பகல் குறைஞ்சா அந்தக் கடிகாரமெல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணா அடிக்கும். பகல் நீண்டா கொஞ்சம் முன்ன, கொஞ்சம் பின்னன்னு பிரிஞ்சு அடிக்கும். அதை வச்சுத்தான் உடம்பு இது என்ன மாசம்னு கணிக்குது. பகல் குறையற மாசம் வந்தாத்தான் ஆடு கிடாவைத் தேடும்.”

“நான் பல்பு போட்டேனே.”

“ஆமா. வெளியில கார்த்திகை. இதுங்களுக்கு இன்னும் பகல் நீண்ட ஆனி மாசமே முடியல.”

தாண்டவராயன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “பயப்படுமேன்னுதாம்மா போட்டேன்.”

“எது பயந்துச்சு?”

தினமும் இரவு முழுக்க எரிகிற தன் குடிசை விளக்கு தாண்டவராயனுக்கு ஞாபகம் வந்தது.

காலையில் தரகர் வந்தார். ஆடுகளின் உடம்பு திரும்ப இரண்டு மூன்று மாதமாகும் என்பதால், மாசி கழிந்து வரும்படி குருவே சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து கொட்டகையில் வெளிச்சம் இல்லை. தாண்டவராயன் தன் குடிசை விளக்கையும் அணைத்தார். யாரும் சொல்லவில்லை, அவராகத்தான் செய்தார்.

மார்கழி போயிற்று. தை முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. மாசி பிறந்த இரண்டாம் நாள் வெள்ளாடு ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு கிடாவைத் தேடிப் போயிற்று. மறுவாரத்துக்குள் கொட்டகையே அமளிப்பட்டது. தரகருக்கு வரவேண்டாம் என்று ஆள் அனுப்பினார்கள்.

தாண்டவராயன் ஓட்டமும் நடையுமாகக் குருவிடம் வந்தார். சேதியைச் சொல்லிவிட்டும் போகாமல் நின்றார்.

“இன்னும் என்ன?”

“எனக்குத்தாம்மா என்னமோ ஆயிடுச்சு. அவ செத்த அன்னிக்குக்கூட நான் அழல. பந்தலுக்கு லைட்டு கட்டிக்கிட்டு இருந்தேன். இப்ப விளக்கை அமத்திட்டு உக்காந்தா அழுவையா வருது. நெதமும் வருது. அவ போயி ஒண்ணேகால் வருஷம் ஆச்சும்மா. இப்பப் போயி ஏன்?”

குரு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்களுக்கு இப்பத்தானே பொழுது சாஞ்சிருக்கு.”